மார்கழிப் பந்தல்காரன்

கார்த்திகை மாதத்துக் கடைசி முகூர்த்தமும் கழிந்து, வாடகைக்குப் போன ஜமக்காளங்களும் அண்டா குண்டாக்களும் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்து, சவுக்குக் கழிகள் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து அடுக்கப்பட்டுவிட்டால், அப்புறம் தை பிறக்கும்வரை பந்தல்காரன் வீட்டில் அடுப்பு எரிவது சிரமந்தான். மார்கழியில் கல்யாணம் இல்லை, கிருகப்பிரவேசம் இல்லை. விடியற்காலையில் பஜனை கோஷ்டி தெருவைச் சுற்றி வரும், ஆனால் பஜனைக்குப் பந்தல் வேண்டியதில்லை. என் தகப்பனார் அந்த ஒரு மாதத்தில் பழைய கீற்றுகளைப் பிரித்துக் கட்டுவார், கயிறு முறுக்குவார், தை முகூர்த்தங்களுக்கு வேண்டிய புதுக் கழிகளைப் பொன்னேரிப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் பார்த்து வெட்டிக்கொண்டு வருவார். கைக்கு வேலை இருந்தது, பைக்குத்தான் காசு இல்லை. அந்த வெறுமையான மாதத்திலேதான் இந்த நாற்பத்தைந்து வருஷமாக நான் விடாமல் செய்துவரும் கிறிஸ்துமஸ் அலங்கார வேலை, யாரும் தேடாமலே எங்கள் வாசலில் வந்து நின்றது.

கொரட்டூர் ஆதியில் ஏரிப் பாசன ஊர். அம்பத்தூர் ஏரி நிறைந்து கொரட்டூர் ஏரிக்கும், அது நிறைந்து ரெட்டேரிக்கும் உபரி நீரை அனுப்பும் அந்தத் தொடரில் நடுக்கண்ணியாய் அமைந்த எங்கள் ஏரியின் கீழ் நெல் விளைந்ததைச் சிறு பிராயத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பிறகு வயல்கள் மனைகளாயின, வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் எழுந்தன. பாடியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் உத்தியோகம் கிடைத்த ஜனங்கள், திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசம். டிசம்பர் பிறந்ததும் மாடிக்கு மாடி நட்சத்திர விளக்கு தொங்கும். அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை நெருங்கிவிட்டது என்கிற ஞாபகமே வரும்.

1979ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து நடுவில் என்று நினைக்கிறேன். வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்து வீடொன்றிலிருந்து ஒரு பையன் வந்து, தன்னுடைய ஆச்சி பந்தல்காரரைக் கூட்டி வரச் சொன்னதாகச் சொன்னான். தகப்பனார் தோப்புக்குப் போயிருந்தபடியால் நான் போனேன். வீட்டுக்காரர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன். நாசரேத்துப் பக்கம் தேரிக்காட்டு ஊர். அவருடைய தாயார் அந்த வருஷந்தான் ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு இருக்க வந்திருந்தார். கூடம் முழுக்க ஜிகினாத் தாளும் வர்ணக் காகிதச் சரங்களும் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டியிருந்தன. ஆச்சி அவற்றை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஜன்னலோர நாற்காலியில் வேதப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பனை ஓலை பின்னத் தெரியுமாய்யா ஒனக்கு?” என்றார்.

“தென்னங்கீத்து முடைவேன் ஆச்சி. குருத்தோலைத் தோரணம், கிளி எல்லாம் செய்வேன். பனை ஓலைல கை வெச்சதில்ல.”

“எங்க ஊர்ல கிறிஸ்மஸ்னா பச்சோலை மணக்கும்யா. இந்த ஜிகினாவ மோந்து பாரு, ஒண்ணாவது மணக்குதா?”

அந்தக் கேள்வி என்னை இன்றைக்கும் விடவில்லை. அதுவரை அலங்காரம் என்பது கண்ணுக்கு மாத்திரம் உரிய காரியம் என்பதே என் அபிப்பிராயம். கல்யாண வீட்டில் வாழையும் மாவிலையும் கட்டிய கையாலேயே, அவற்றின் வாசனையும் அலங்காரத்தில் ஒரு பாதி என்பதை நான் உணராமல் இருந்திருக்கிறேன். ஏரிக்கரைப் பனை ஒன்றில் ஆள் ஏற்றிக் குருத்து இறக்கினோம். ஆச்சி சொல்லச் சொல்ல, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஆள்காட்டி விரல் அகலத்துக்கு நறுக்கு எடுத்து, பின்னுவதற்கு முன் ஒரு நாழிகை ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். ஈரம் குறைந்தால் மடிப்பில் முறியும், மிஞ்சினால் காய்ந்த பிறகு பின்னல் தொளதொளத்துப் போகும். சுற்றிய துணியை அவிழ்த்ததும் ஓலை விரலில் குளிர்ந்து ஒட்ட வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

நட்சத்திரத்துக்கு நான்கு நறுக்கு போதும். ஒவ்வொன்றையும் சரிபாதியாய் மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றொன்றின் இரு வால்களையும் நுழைத்து, நான்காவதைக் கோத்து நாலு பக்கமும் மெல்ல இழுத்தால், நடுவிலே நாலு கட்டம் கொண்ட சிறு சதுரம் ஒன்று இறுகி நிற்கும். அதிலிருந்து நீளும் எட்டு வால்களையும் முதலில் தட்டையாய் மடித்து எட்டு முனை. பிறகு அதே வால்களைச் சுருட்டி மடித்துச் சதுரத்துக்குள் செருகினால் மேலும் எட்டு முனை மேலெழும்பி, மொத்தம் பதினாறு. பசை இல்லை, நூல் இல்லை. ஜெர்மனியில் இதே நட்சத்திரத்தைக் காகித நாடாவில் மடிப்பார்கள் என்றும், குழந்தைகளுக்கான பள்ளியை வகுத்துக் கொடுத்த ஃப்ரோபெலின் பெயரால் அது அங்கே வழங்குகிறதென்றும் பல வருஷங்களுக்குப் பின் ஒரு பள்ளி ஆசிரியை எனக்குச் சொன்னார். ஆச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது; அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார். கைரேகை மங்கிப்போன அந்த விரல்கள், கண் வேறெங்கோ இருக்க, ஒரு நட்சத்திரத்தை முடிப்பதற்குள் நான் இரண்டாவது மடிப்பில் நின்றுகொண்டிருப்பேன்.

நாற்பது நட்சத்திரங்கள் செய்தோம். காகிதச் சரங்களைப் பேரப் பிள்ளைகளே கழற்றினார்கள். வாசல் நிலைக்கு மாவிலைக்குப் பதிலாய் ஓலைப் பின்னல், ஜன்னலுக்கு ஓலைக் குஞ்சம், கூடத்து மூலையில் சவுக்குக் கிளை, அதில் அந்த நாற்பதும். இருபத்துமூன்றாம் தேதி நடுராத்திரி சபையின் பாடகர் குழு பாட்டுப் பாடிக்கொண்டு வந்து அந்த வாசலில் நின்றபோது, அவர்களில் திருநெல்வேலிக்காரரான முதியவர் ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டு, நிலையில் தொங்கிய பின்னலைக் கையில் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்ததை நான் திண்ணையோரத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் ஆச்சி எனக்குக் கூலியோடு ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தும் இரண்டு கருப்பட்டியும் கொடுத்தார். அன்றைய தினமே என் தொழில் தீர்மானமாயிற்று.

இந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களாக, எங்களை அழைக்கிற இளந்தம்பதிகள் கையிலிருக்கும் கைப்பேசியில் வெளிநாட்டு வீடுகளின் படங்களைக் காட்டி, “அங்கிள், இந்த மாதிரி கண்ட்ரி ஸ்டைல்ல, இயற்கையா வேணும்” என்கிறார்கள். படத்திலே மரக்கட்டை எரியும் கணப்பு, கட்டம் போட்ட கம்பளி, பைன் கிளை, பனி மூடிய ஜன்னல் எல்லாம் இருக்கும். அழகான படந்தான், அந்தத் தேசத்துக் கிராமத்தின் நிஜமான சொரூபம் அது. இயற்கையை நாடுகிற அவர்கள் மனசும் நல்ல மனசு. ஆகையால் படத்தை நான் குறை சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்வி மாத்திரம் கேட்கிறேன்: “உங்க சொந்த ஊர் எது? அங்க உங்க தாத்தா பாட்டி வீட்ல கிறிஸ்துமஸுக்கு என்ன கட்டுவாங்க?” கேட்டதும் முதலில் ஒரு மௌனம் வரும், பிறகு புருஷனும் மனைவியும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் என் சாமான் பட்டியல் பிறக்கும். தேரிக்காட்டார் வீட்டுக்குப் பனை. நாகர்கோவில் பக்கத்தார் வீட்டுக்குத் தென்னம்பாளையும் பன்னாடையும் ஈர்க்கும். காவிரிக் கரையார் வீட்டுக்கு வைக்கோற்பிரியும் நெற்கதிரும். குன்னூர் வெலிங்டன் பக்கத்தில் பிறந்தவர்கள் வீட்டுக்கு மாத்திரம் நிஜமாகவே பைன் காய்கள், ஏனென்றால் அது அவர்களுடைய பால்ய காலத்தின் பொருள். கிராமம் என்று பொதுவாக ஒன்று எங்கே இருக்கிறது? கொரட்டூரில் நூறு கிறிஸ்தவ வீடுகள் இருந்தால் நூறு கிராமங்கள் இருக்கின்றன. அந்தந்த வீட்டார் விட்டுவந்த ஊரைப் பத்து நாளைக்கு அவர்கள் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதே என் வேலை என்று நான் நினைக்கிறேன்.

சவுக்கைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் நெடுங்காலமாய்ச் சவுக்குக் கிளைதான். பந்தலுக்குக் கழி வெட்டும்போது அடிமரத்தையும் நடுமரத்தையும் எடுத்துக்கொண்டு நுனியை மிளார் என்று விறகுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அந்த நுனியில் ஆளுயரத்துக்கு ஒன்றை வெட்டி நிறுத்தினால், கீழே அகன்று மேலே கூம்பி, மேல்நாட்டு மரத்தின் வடிவம் அப்படியே வந்துவிடும். என் தகப்பனாரின் பந்தலில் நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு நிழல் தரப்போகும் கழியின் தலைப்பாகத்தையே நான் கிறிஸ்துமஸ் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஊசி ஊசியாய்த் தொங்குகிறதே, அது இலையே அல்ல. ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூங்கிலைப் போலக் கணுக்கணுவாய் இருக்கும். அது பச்சைக் கிளைக் குச்சி, அந்தக் கணுவைச் சுற்றி வளையமாய் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத பல்போன்ற செதில்களே இலை. ஒரு கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடியும் அதே இடத்தில் பொருத்தி நீட்டி, “எங்க ஒடஞ்சிருக்கு, கண்டுபிடி” என்று பிள்ளைகள் விளையாடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்குள்ள குழந்தைக்கு நான் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு அந்த மரம் குழந்தைக்குச் சொந்தமாகிவிடுகிறது.

வில்லிவாக்கத்தில் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் டிரைவராய் இருந்து ஓய்வு பெற்றவர், பல வருஷம் என்னிடமே மரம் வாங்கினார். சுவரில் ஹாலி இலைகள் அச்சிட்ட பழைய வாழ்த்து அட்டைகளை வரிசையாய்க் குத்தி வைத்திருப்பார். ஒரு சமயம் கிளையை மணல் வாளியில் நிறுத்திக்கொண்டிருந்தபோது அதன் தண்டைத் தட்டிக் கொடுத்து, “இத நம்ம ஆளுங்க அடுப்புல தள்ளியிருக்காங்க மேன், எங்க தாத்தா காலத்துல நிலக்கரி இல்ல, இதான்” என்றார். விசாரித்தபோது அது மெய்யென்றே தெரிந்தது. 1856ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இன்று கொரட்டூர் ஸ்டேஷன் இருக்கிற இந்தப் பாதையிலேதான் போயிற்று. அந்த எஞ்சின்களுக்கு விறகு போதாமல்தான் அடுத்த சில பத்தாண்டுகளில் கடற்கரை மணலிலே சவுக்குத் தோப்புகளைச் சர்க்கார் வளர்த்தது. கிழக்குத் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்த மரம், ரயிலுக்காக இங்கே வந்து, பந்தலுக்குக் காலாகி, கிறிஸ்து ஜயந்திக்கு மரமாயிற்று. அந்நிய மரம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கொரட்டூருக்குப் பிழைக்க வந்த எல்லாரையும்போல அதுவும் வந்தது, வேரூன்றியது.

சவுக்குக்கு ஒரு தோஷம் உண்டு: வெட்டியபின் வாடுகிற சுறுக்கு. முந்தின வாரமே கொண்டுவந்து நிறுத்தினால் இருபத்துநாலாம் தேதிக்குள் பழுப்பேறிக் கொட்டத் தொடங்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு வெட்டி, அடியைச் சாய்வாய்ச் சீவி, இரவு முழுதும் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பிறகு ஈர மணல் வாளியில் இறுக்கி நட்டு, தினம் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுவந்தால் ஒரு வாரம் பச்சை நிற்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பெரிய நஷ்டம் வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு வீட்டார் பனி வேண்டுமென்று பிரியப்பட்டார்கள். நானும் இலவம்பஞ்சைப் பிய்த்துக் கிளை கிளையாய் அப்பி, அவர்கள் கேட்டபடி சின்ன மெழுகுவர்த்திகளையும் கம்பியில் கட்டினேன். மரமோ பத்து நாள் மரம். ஏற்றிய திரியிலிருந்து ஒரு பொறி பஞ்சைத் தொட்டது. கைதட்டுகிற நேரத்துக்குள் கீழிருந்து உச்சிவரை ஜ்வாலை. வீட்டுக்காரர் மரத்தை வாளியோடு தூக்கி முற்றத்தில் எறிந்தார். ஜன்னல் திரைச்சீலையும் அவர் முன்கை ரோமமும் கருகியதோடு போயிற்று, குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழை முழுக்க என்னுடையது. அன்று முதல் பஞ்சும் நெருப்பும் என் வேலையில் கிடையாது. வெளிச்சத்துக்குச் சீரியல் விளக்கு, அதுவும் உறங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி, தலையாட்டல் வாங்கிக்கொண்டே படியிறங்குவேன்.

பனியைப் பற்றி எனக்கு வேறொரு எண்ணமும் உண்டு. பெத்லகேம் வறண்ட குன்றுப் பிரதேசம். ஒலிவமும் ஈந்தும் வளரும், ஆடு மேயும் பூமி. ஓலை வேய்ந்த கொட்டகையும் வைக்கோலும் சாண வாசனையும் உள்ள எங்கள் மாட்டுத் தொழுவம் அந்த இடத்துக்கு எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் குடில் கட்டும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். 1223ஆம் வருஷம் இத்தாலி தேசத்தில் கிரெச்சியோ என்னும் மலைக் கிராமத்தில், பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்து வைத்துத்தான் முதல் குடிலை ஜனங்களுக்குக் காட்டினார் என்று ஒரு பங்குச் சாமியார் எனக்கு விளக்கினார். அந்தக் கிராமத்தின் பொருள்களைக்கொண்டு அவர் கட்டினார். நம் கிராமத்தின் பொருள்களைக்கொண்டு நாம் கட்டுவதே அவரைப் பின்பற்றுவதாகும்.

குடிலின் கூரைக்கு நீள வைக்கோல் வேண்டும், அது இப்போது கிடைப்பது அருமை. இயந்திரம் அறுத்த வைக்கோல் நசுங்கித் துண்டு துண்டாய் வரும், வேயவும் உதவாது, பிரி முறுக்கவும் உதவாது. கையறுப்பு வைக்கோலைத் தேடித் திருவள்ளூருக்கு மேற்கே கிராமங்களுக்குப் போகிறேன். டிசம்பரில் சம்பா இன்னும் வயலில் நிற்கும். ஆகையால் சொர்ணவாரிப் பட்டத்து வைக்கோலே கைக்கு வரும். இரண்டு நாள் நல்ல வெயிலில் விரித்து உதறினால்தான் பூச்சியும் தூசியும் போகும். மழைக் காலத்தில் அந்த இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்துக் கிடப்பதே பெரிய தவம். கூரைக்கு மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, வைக்கோலை நுனி கீழாக வரிசை வரிசையாய் மூடிக்கொண்டு வருவேன். சுவருக்கு ஏரி மண்ணும் சாணமும் குழைத்த பூச்சு. சொரூபங்களை, கொலு பொம்மை செய்யும் கொசப்பேட்டைக் குடும்பங்களிடம் சிலர் வாங்கி வைத்திருப்பார்கள். பல வீடுகளில் பாட்டி காலத்து மண் சொரூபங்களே இருக்கும், மாட்டின் கொம்பு ஒடிந்திருக்கும், ராஜாவின் கிரீடத்தில் வர்ணம் போயிருக்கும். அவற்றுக்கு வர்ணம் தீட்டித் தரட்டுமா என்று நான் கேட்பதே இல்லை.

குடிலைச் சுற்றிய புல்வெளிதான் எனக்கு மிகப் பிரியமான பாகம். பச்சைத் தாள் விரிப்பதை நான் விட்டு வெகு காலமாயிற்று. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வாக்கில் ஒரு படி கேழ்வரகை இரவு ஊறவைத்து, வடித்துத் துணியில் முடிந்து, மறுநாள் முளை கட்டியதும் தாம்பாளங்களில் சலித்த மண்ணும் மக்கிய எருவும் பரப்பி நெருக்கமாய்த் தூவ வேண்டும். மூன்றாம் நாள் வெள்ளைத் தலைகள் மண்ணை முட்டிக்கொண்டு எழும். இருபத்துநாலாம் தேதிக்கு ஒரு விரல் உயரம், பட்டுப்போன்ற அடர்த்தி. அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பார்கள், அது வெளிர்மஞ்சளாய் நீளும். குடிலுக்கு வெளிச்சத்தில் வளர்க்க வேண்டும், அப்போதுதான் பச்சை பிடிக்கும். தூவும் வேலையை நான் செய்வதில்லை. தாம்பாளத்தையும் முளைகட்டிய முடிச்சையும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்; வீட்டுப் பிள்ளைகள் தூவி, தினம் காலையில் பல் விளக்குமுன் ஓடிப்போய் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். ஒரு வீட்டில் தாத்தா தன் கைத்தடியை அளவுகோலாய் நட்டு, பென்சிலால் தேதி குறித்து வைத்திருந்தார்.

சிவப்புக்கு மஞ்சாடி விதை. ஹாலிக் கனியின் அதே செம்மை, அதைவிட மினுமினுப்பு. நூலில் கோத்துச் சவுக்குக் காய்களோடு வளையமாய்க் கட்டினால் கதவுக்குப் போதும். குன்றிமணி இன்னும் அழகுதான், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம்; தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு மாத்திரமல்ல, எந்த வீட்டுக்குமே நான் அதைக் கொண்டுபோவதில்லை. மஞ்சாடியையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்திலேயே கட்டுவேன். ஊதாவுக்கு டிசம்பர் பூ, அந்தப் பெயரோடு அந்த மாதத்தில் பூக்கிற பூவைவிட வேறென்ன வேண்டும்? நட்சத்திர விளக்குக்கு மூங்கில் பிளாச்சில் சட்டம். தாள் ஒட்டும் மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது.

2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தில் எங்கள் பகுதியில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு. பீரோ, மெத்தை, கல்யாண ஆல்பம் எல்லாம் தெருவோரத்தில் குவிந்து கிடந்தன. அந்த வருஷம் யாரும் என்னை அழைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இருந்தும் நாலு தாம்பாளங்களில் கேழ்வரகு ஊன்றி, பழக்கமான வீடுகளுக்கு ஒவ்வொன்று கொண்டுபோய் வைத்தேன். ஒரு வீட்டில் குடிலுக்கான சொரூபங்கள் கரைந்து களிமண்ணாய்ப் போயிருந்தன. தப்பித்தது மேல்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த பாலகன் மாத்திரம். அந்த அம்மாள், வர்ணம் உதிர்ந்த ஈரச் சுவரோரம் அந்தத் தாம்பாளத்தை வைத்து, நள்ளிரவில் பாலகனை அந்தப் பசும்புல்லின் மேலேயே கிடத்தினார். கூரை இல்லை, சம்மனசு இல்லை, விளக்குச் சரம் இல்லை. நான் கட்டிய குடில்களையெல்லாம் நினைத்துப் பார்க்கும்போது, நான் கட்டாத அந்தக் குடில்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அடுத்த வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். நோட்டுத் தட்டுப்பாட்டால் ஏற்கனவே கையில் காசில்லாத சமயம், அதன் மேல் மின்சாரமும் போயிற்று. தெருவெங்கும் பூவரசும் வேம்பும் வாதாமரமும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அந்த வருஷம் ஒரு கிளைகூட நாங்கள் வெட்டவில்லை. விழுந்ததிலிருந்தே எல்லாம் செய்தோம். சாய்ந்த மயில்கொன்றையின் நீண்ட காய்ந்த நெற்றுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால், ஜன்னல் காற்றில் சலங்கைபோல் ஒலிக்கும் என்பதைக் கண்டுபிடித்தது என்னோடு வந்த சிறுவன்.

கத்தோலிக்க வீடுகளில் நான் முடிக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. குடிலில் மாதாவும் சூசையப்பரும் மாடும் ஆடும் எல்லாம் வந்துவிடும். நடுவிலுள்ள முன்னணை மாத்திரம் காலியாய் இருக்க வேண்டும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தபின்னரே வீட்டார் பாலகனைக் கிடத்துவார்கள். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பொறுக்காமல் அங்கே பூவைத்து நிரப்பிவிடுவார்கள். நான் எடுத்துவிட்டு, ஒரு கை மெல்லிய வைக்கோலைப் பிசைந்து மிருதுவாக்கிப் பரப்பி, நடுவில் என் உள்ளங்கையை வைத்து இலேசாய் அழுத்தி ஒரு பள்ளம் விட்டு எழுந்துவிடுவேன்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் பிரிக்கப் போவோம். கேழ்வரகுப் பயிரைத் தாம்பாளத்தோடு பால்காரர் வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுவோம். வைக்கோலும் அதற்கே. ஓலை நட்சத்திரங்கள் மாத்திரம் தந்தநிறம் ஏறி வருஷக்கணக்கில் நிற்கும். அவற்றைக் காகிதத்தில் சுற்றி வீட்டாரிடமே ஒப்படைப்பேன். ஆச்சி காலமாகி இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, ஆனால் அந்த நாற்பதில் பதினோரு நட்சத்திரங்கள் அவருடைய கொள்ளுப்பேரன் வீட்டு மரத்தில் போன டிசம்பரிலும் தொங்கின, கட்டியவன் நான். சவுக்குக் கிளைகள் எங்கள் கொட்டகைக்குத் திரும்பி வந்து, துண்டு துண்டாய் ஒடிக்கப்பட்டு மிளார்க் கட்டாகும். பொங்கலுக்கு எங்கள் வாசலில் மூன்று கல் கூட்டிப் புதுப்பானை வைப்பது அந்த மிளாரைக் கொண்டுதான். போன பொங்கலன்று அடுப்பில் வைக்க எடுத்த மிளார் ஒன்றில் சிவப்பு நூல் அவிழ்க்க மறந்து கிடந்தது. என் பேத்தி அதை உருவி எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பால் பொங்குகிறதா என்று பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.